முக்கால் மணி நேரத்தில் ஒரு தீவு

ரீயூனியன் தீவில் சுற்றுலா ஹெலிகாப்டர்கள் விடிந்த கையோடு கிளம்பிவிடுகின்றன. காலை பத்து மணிக்குமேல் பதிவு செய்தவர்களுக்கு மலை கண்ணில் படும் என்று யாரும் உறுதி தருவதில்லை. இரவில் மலைச்சரிவுகள் குளிர்ந்து, கனத்த காற்று பள்ளத்தாக்குகள் வழியே கடலுக்கு இறங்குகிறது. அதிகாலை வானத்தில் மேகமே இருக்காது. வெயில் ஏறியதும் நிலம் சூடாகிறது, கடற்காற்று சரிவில் ஏறத் தொடங்குகிறது. ஏறும் காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக்குமேல் வெப்பமான, உலர்ந்த காற்றடுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மேகம் அதைத் துளைத்து மேலே போக முடியாமல் பக்கவாட்டில் பரவி, மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களையெல்லாம் நிரப்பிவிடுகிறது. ஆகவே ஏழு மணிக்குப் பறப்பவர் தீவைப் பார்க்கிறார், பதினொரு மணிக்குப் பறப்பவர் வெண்மேகத்தைப் பார்க்கிறார்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பயணியையும் எடை போடுகிறார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த எடைதான். ஹெலிகாப்டரின் பாரம் முழுவதும் சுழலும் இறக்கைகளின் அச்சில் தொங்குவதால், முன்னும் பின்னும் பாரம் சமமாக இருந்தாக வேண்டும். காற்றைக் கீழ்நோக்கித் தள்ளித்தான் ஹெலிகாப்டர் மேலே நிற்கிறது. ஆனால் உயரே போகப் போகத் தள்ளுவதற்குக் காற்றே குறைகிறது: 2,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இந்தப் பயணம் கடற்கரையில் தொடங்கி அந்த உயரத்தைத் தாண்டிப் போகிறது. ஒரு பயணியின் எடை இங்கே கணக்கில் வருவது அதனால்தான்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது இந்தத் தீவு. பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். இரண்டு எரிமலைகள் ஒட்டிப் பிறந்ததுதான் மொத்தத் தீவும். வடமேற்கில் இருக்கும் பித்தோன் தெ நேஜ் மூத்தது, 3,070 மீட்டர் உயரம், பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் த லா ஃபுர்னேஸ் இளையது, 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. கடலுக்குள் இவற்றின் அடி சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து அளந்தால் இந்த மலை 7,000 மீட்டர். நாம் ஹெலிகாப்டரில் சுற்றி வருவது அதன் உச்சியை மட்டும்தான்.

மேற்குக் கரையில் சேன் ழில் பக்கம் மேலெழுந்ததும் முதலில் தெரிவது பவளப்பாறையும் அதற்குள் அடங்கிய பச்சை நீரும். பயணிகள் கேமராவை எடுப்பது இங்கேதான். நான் இதை வேகமாகக் கடக்கச் சொல்வேன். இதுபோன்ற நீரை வேறு பல தீவுகளில் பார்க்கலாம். சில நிமிடங்களில் வரப்போகும் மஃபாத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

மூத்த எரிமலையைச் சுற்றி மூன்று மாபெரும் பள்ளங்கள் இருக்கின்றன: மஃபாத், சலாசி, சிலாவோஸ். உள்ளூரில் இவற்றைச் சிர்க் என்கிறார்கள். ஹெலிகாப்டர் ஒரு மலை முகட்டை உரசுவதுபோல் கடக்கிறது. அடுத்த நொடி காலடியில் நிலம் இல்லை. செங்குத்தான சுவர் ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது. அடியில் கூர்முனை மலைகள், ஆழ்ந்த ஓடைகள், இடையிடையே சிறு மேட்டு நிலங்கள், அவற்றில் சில வீடுகள். பள்ளத்துக்குள் ஒரு சாலைகூட இல்லை. எழுநூறு, எண்ணூறு பேர் அங்கே வசிக்கிறார்கள். கால்நடையாகத்தான் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். சமையல் எரிவாயு உருளை, அரிசி மூட்டை, சிமெண்டு என்று பாரமான பொருளெல்லாம் வானத்திலிருந்துதான் இறங்குகிறது. குப்பையும் அதே வழியில்தான் வெளியேறுகிறது. மின்கம்பி இல்லாததால் கூரைகளில் சூரியத் தகடுகள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள்தான் இந்தப் பள்ளத்தில் முதலில் குடியேறினார்கள். அப்படித் தப்பியவர்களின் தலைவர் ஒருவரின் பெயரைத்தான் மஃபாத் தாங்கியிருக்கிறது. துரத்தி வருபவர்களால் எளிதில் இறங்க முடியாத சுவர்கள் அவர்களைக் காத்தன.

இந்தச் சுவர்களை எரிமலை கட்டவில்லை. எரிமலை கட்டியது கேடயத்தைக் கவிழ்த்து வைத்த வடிவில், மெல்லச் சரியும் ஒரே மலை. அதைத் தோண்டிக் குடைந்தது நீரும் நிலச்சரிவும்தான். மலையின் உட்பகுதி தானே உள்வாங்கிச் சரிந்ததற்கு இதில் எவ்வளவு பங்கு, அரிப்புக்கு எவ்வளவு பங்கு என்பதில் புவியியலாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் மண்ணும் கல்லும் எங்கே போயின என்பதில் ஐயமில்லை: மஃபாத்தின் கழிவை ரிவியேர் தெ கலே ஆறும், சலாசியின் கழிவை ரிவியேர் து மா ஆறும் கடலுக்குச் சுமந்து கொண்டிருக்கின்றன. ஆற்றின் முகத்துவாரத்தில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் உருண்டைக் கற்கள் ஒரு காலத்தில் மலையின் வயிற்றில் இருந்தவை. சலாசியில் 1875 நவம்பரில் ஒரு மலைச்சரிவு கிராந் சாப்ல் என்ற குடியிருப்பையே மூடி அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தீவின் அழகு என்று அஞ்சல் அட்டையில் அச்சிடப்படுவதெல்லாம் இப்படி உடைந்த இடங்கள்தான். 2010 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இந்தச் சிகரங்களையும் சிர்க்குகளையும் செங்குத்துச் சுவர்களையும்தான். தீவின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதில் அடங்குகிறது.

விமானி சுவரை ஒட்டிப் பறக்கும்போது, தயவுசெய்து கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பாறையைப் பாருங்கள். கிடைமட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான அடுக்குகள் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தில் ஓடி உறைந்த லாவா. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செம்மண் நிறத்தில் மெல்லிய கோடு இருந்தால், ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பாறை மக்கி மண்ணாகிச் செடி முளைக்கும் அளவுக்குக் காலம் கடந்திருக்கிறது. அடுத்த லாவா வந்து அந்த மண்ணைச் சுட்டுச் சிவக்க வைத்திருக்கிறது. இந்தக் கிடை அடுக்குகளையெல்லாம் வெட்டிக்கொண்டு, சில இடங்களில் செங்குத்தாகவோ சாய்வாகவோ கருங்கோடுகள் ஏறுவதைக் கவனியுங்கள். இவற்றுக்கு டைக் என்று பெயர். பூமிக்கடியிலிருந்து உருகிய பாறை மேலேறிய விரிசல்கள் அவை. வெடிப்பு ஓய்ந்ததும் உள்ளேயே உறைந்துவிட்டன. சுற்றியிருக்கும் பாறையைவிடக் கெட்டியானதால், மழை மற்றதைக் கரைத்துக்கொண்டு போன பிறகும் இவை சுவராகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. உயிருள்ள ஓர் எரிமலையின் வயிற்றுக்குள் இருக்கும் குழாய்களை நம்மால் பார்க்க முடியாது. இறந்த எரிமலை ஒன்றை மழை அறுத்துக் காட்டுவதால் பார்க்கிறோம். இன்னும் சில நிமிடங்களில் நாம் போகவிருக்கும் ஃபுர்னேஸின் அடியில் இப்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் புவியியலாளர்கள் இந்தச் சுவர்களுக்கு வந்து டைக்குகளை அளக்கிறார்கள்.

அந்த மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்கிழக்கு வியாபாரக் காற்று ஆண்டு முழுவதும் கடல் ஈரத்தைத் தீவின் கிழக்குச் சரிவில் கொட்டுகிறது. கிழக்கில் சில இடங்களில் ஆண்டு மழை 10,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மேற்குக் கரையோ மழை மறைவில் காய்கிறது. கிழக்கின் நீரை மலையைக் குடைந்த சுரங்க வாய்க்கால்கள் வழியே மேற்கின் கரும்பு வயல்களுக்குக் கொண்டுபோகும் அளவுக்கு இந்த வேறுபாடு பெரியது. புயல்கள் வரும்போது கணக்கே மாறிவிடும். 1966 ஜனவரியில் டெனிஸ் புயலின்போது ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர். இரண்டும் உலகச் சாதனைகள். சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை 1,400 மில்லிமீட்டர் என்பதை வைத்து இதை எண்ணிப் பாருங்கள்.

அந்த நீர் என்ன செய்யும் என்பதைக் காட்டும் இடம் த்ரூ த ஃபேர். பேலூவ் காட்டின் விளிம்பில், சுமார் 300 மீட்டர் ஆழமுள்ள குறுகிய பிளவு. பல அருவிகள் ஒரே குழிக்குள் விழுகின்றன. தரைவழியே போனால் எதிர்ப்புறத்து மேடையில் நின்று தொலைவிலிருந்து பார்க்கலாம். கயிறு கட்டி இதற்குள் முதன்முதலாக மனிதர் இறங்கியதே 1989 இல்தான். ஹெலிகாப்டர் விளிம்புக்கு வந்து அந்தரத்தில் நிற்கிறது. விமானத்தால் செய்ய முடியாத வேலை இது. ஓட்டுபவருக்கும் இதுதான் கடினமான வேலை. முன்னோக்கிப் போகும்போது இறக்கைகளுக்குப் புதுக்காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கும்போது தான் கலக்கிய காற்றிலேயே நிற்க வேண்டும், எஞ்சின் அதிகம் உழைக்க வேண்டும். கூடவே முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சுழன்று கீழ்நோக்கி இழுக்கும். மலைப்பகுதி விமானிகள் முகட்டின் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்பதில் கண்ணாக இருப்பது இதற்காகத்தான்.

பேலூவ் காட்டின் மேல் பறக்கும்போது கீழே தெரியும் பெரிய மரங்களைத் தமரேன் என்கிறார்கள். நம் புளிக்கு இதனோடு தொடர்பில்லை. இது வேல மர இனத்தைச் சேர்ந்தது. இதற்கு மிக நெருங்கிய உறவான கோவா மரம் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. சுமார் 18,000 கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு பெருங்கடலில், இன்னோர் எரிமலைத் தீவில். மரபணு ஆய்வுகள் ஹவாயிலிருந்துதான் இது வந்தது என்று காட்டுகின்றன. கடற்பறவை ஒன்றோடு விதை வந்து சேர்ந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. எரிமலைத் தீவு வெறும் பாறையாகத்தான் பிறக்கிறது, அதில் இருக்கும் ஒவ்வோர் உயிருக்கும் இப்படி ஒரு பயணக் கதை உண்டு.

இங்கிருந்து தென்கிழக்கே திரும்பினால் பசுமை சட்டென்று முடிகிறது. செம்பழுப்பும் கறுப்பும் கலந்த சாம்பல் மணல்வெளி. அதைத் தாண்டியதும் அரைவட்டமாக வளைந்த செங்குத்துச் சுவர். உள்ளே ஆங்க்ளோ ஃபூக்கே என்ற பள்ளம், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை உள்வாங்கியதால் உண்டானது. கிழக்கில் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஃபுர்னேஸ் சராசரியாக ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை வெடிக்கிறது; பெரும்பாலான வெடிப்புகள் இந்தப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஒன்பது லட்சம் பேர் வாழும் தீவில் இவ்வளவு துடிப்பான எரிமலை இருந்தும் உயிரிழப்பு அரிதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பள்ளத்தின் நடுவே கூம்பின் உச்சியில் தொலொமியு என்ற வாய். இதன் இன்றைய உருவம் 2007 ஏப்ரலில் உண்டானது. கமேட் புயல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 2 ஆம் தேதி மலையின் கீழ்ச்சரிவில், உச்சியிலிருந்து வெகு தொலைவில், ஒரு பிளவு திறந்தது. உச்சிக்கடியில் தேங்கியிருந்த உருகிய பாறை அந்த வழியே வடிந்தது. தாங்கிக்கொண்டிருந்தது போய்விட்டதால் மேலேயிருந்த கூரை இறங்கியது. ஒரே அடியில் அல்ல, படிப்படியாக, ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு நில அதிர்வோடு. ஏப்ரல் 5 தொடங்கிச் சில நாட்களில் தொலொமியுவின் தளம் 300 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள வாய் அது. நில அதிர்வுமானிகளும் ஜிபிஎஸ் கருவிகளும் முழுக்க நட்டு வைத்த மலையில் இப்படி ஒரு சரிவு தொடக்கம் முதல் முடிவுவரை பதிவானது அறிவியலுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. அந்தக் கருவிகளைப் பராமரிப்பது 1979 இல் அமைக்கப்பட்ட எரிமலை ஆய்வு நிலையம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் லாவா பள்ளத்தைத் தாண்டி பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. தேவாலயத்தின் வாசலுக்கு வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. கட்டடம் தப்பியது. அந்தத் தேவாலயத்துக்கு இன்று லாவாக்களின் அன்னை என்றே பெயர். கருங்கல் குழம்பு அதன் சுவரை அணைத்தபடி உறைந்து கிடக்கிறது.

விளிம்பைச் சுற்றி வந்து ஹெலிகாப்டர் கிழக்கே கடலை நோக்கி இறங்கும் சரிவின் பெயர் கிராந் ப்ரூலே. எரிந்த பெருநிலம். இங்கே லாவாவின் இரண்டு குணங்களையும் உயரத்திலிருந்தே பிரித்தறியலாம். வழவழப்பாக, வெயிலில் மின்னிக்கொண்டு கிடப்பது இளகி ஓடியது. காய்ச்சிய பாலின் ஆடை சுருங்குவதுபோல் அதன் மேல்தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். மின்னாமல், உழுத வயலின் நிறத்தில் கரடுமுரடாகக் கிடப்பது கெட்டித்து, உடைந்து, உருண்டுகொண்டே வந்தது. அதன்மேல் செருப்பில்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

நிறத்தை வைத்து வயதும் சொல்லலாம். தூய கறுப்பு மிகப் புதியது. சில ஆண்டுகள் போனால் அதன்மேல் வெள்ளிச் சாம்பல் பூக்கிறது: ஸ்டீரியோகாலன் என்ற பாசிக்காளான். கல்லில் வேரூன்றாமல், காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உணவெடுத்து வாழ்வது. கையளவுப் பாறைத் துண்டில் அது சிறு சிறு சாம்பல் கிளைகளாக, பவளம்போல் நெருக்கமாக நிற்கும். அதன் அடியில் தங்கும் தூசியிலும் ஈரத்திலும் பெரணிச் செடிகள் முளைக்கின்றன. பிறகு புதர், பிறகு மரம். ஆகவே கறுப்பு, வெள்ளி, இளம்பச்சை, கரும்பச்சை என்று பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாகத் தெரிவது வெவ்வேறு ஆண்டுகளின் லாவா ஓட்டங்கள். கடற்கரைச் சாலை இவற்றை வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் அருகிலும் சாலையோரத்தில் அதன் ஆண்டு எழுதிய பலகை நிற்கிறது. 2007 இன் லாவா அந்தச் சாலையை மூடி, கடலுக்குள் புகுந்து, தீவுக்குப் புது நிலம் சேர்த்தது. கொதித்த கடலில் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. அதற்கு முன் யாரும் அந்தப் பக்கம் பார்த்திராத இனங்களும் அவற்றில் இருந்தன. உயிரியலாளர்கள் ஓடி வந்து பொறுக்கினார்கள்.

ஒரே ஆண்டில், இரண்டு மாத இடைவெளிக்குள், உலகச் சாதனை மழை மலையை அரித்தது, எரிமலை கடலில் நிலம் கட்டியது. ரீயூனியனைச் சில நிமிடங்களில் முழுமையாகப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு நான் சொல்வது 2007 ஐத்தான். மேற்கிலிருந்து கிழக்கே பறக்கும்போது நாம் பார்ப்பதும் அதே இரண்டு வேலைகள். மஃபாத்தில் அழிக்கும் கை ஓங்கியிருக்கிறது, கிராந் ப்ரூலேயில் கட்டும் கை. ஃபுர்னேஸ் ஓய்ந்துபோகும் நாளில் இந்தப் பக்கமும் மஃபாத் ஆகும்.

இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் நம் நாடு கதைக்குள் வருகிறது. கண்டத் தட்டுகள் உரசும் எல்லையில் ரீயூனியன் இல்லை. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் ஏறும் ஒரு குறிப்பிட்ட இடத்தின்மேல் இருக்கிறது. அந்த இடம் ஏறத்தாழ அசையாமல் நிற்க, மேலேயிருக்கும் தட்டு நகர்கிறது. ஹவாய்த் தீவுகள் ஏன் வரிசையாக இருக்கின்றன என்பதை விளக்க 1963 இல் ஜான் டூசோ வில்சன் முன்வைத்த கருத்து இது. இந்தியப் பெருங்கடலுக்கும் இது பொருந்துகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது இந்த வெப்பப் புள்ளியின்மேல் வந்தது. அப்போது கொட்டிய லாவாதான் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை. லோனாவாலாவிலும் மகாபலேஷ்வரிலும் படிக்கட்டாகத் தெரியும் அடுக்குகள் அவை. இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கின்றன. தட்டு நகர நகர, அதே புள்ளி லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகளுக்கு அடித்தளமான எரிமலைகளைக் கட்டியது. அவை கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன, மேலே பவளம் மட்டும் வளர்ந்து நிற்கிறது. பிறகு மொரீஷியஸ். கடைசியாக ரீயூனியன். 1987 இல் ஓர் ஆய்வுக் கப்பல் இந்த வரிசையில் கடலடியைத் துளையிட்டுப் பாறைகளை எடுத்தபோது, தெற்கே போகப் போக வயது குறைவது உறுதியானது. மும்பையிலிருந்து புனே போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவரும் ஃபுர்னேஸின் விளிம்பில் வட்டமிடுபவரும் பார்ப்பது ஒரே ஊற்றின் வேலையை.

திரும்பும் வழியில் கிழக்குக் கரையில் கரும்பு வயல்கள் விரிகின்றன. சேன்த் ஆந்த்ரே ஊரின் நடுவே கோபுரங்கள் தெரியும். 1848 இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் கட்டியவை. மொழி பெரும்பாலும் போய்விட்டது. தீமிதியும் காவடியும் இருக்கின்றன. அவர்கள் வெட்டிய கரும்பு வளர்ந்ததும் லாவா மக்கிய மண்ணில்தான்.

இந்தப் பயணத்துக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைப்பது சரியாகாது. ஹெலிகாப்டரின் இரைச்சல் மஃபாத்தின் சுவர்களில் மோதி எதிரொலிக்கிறது. நாள் முழுவதும் கேட்பவர்கள் அங்கே குடியிருப்பவர்களும் நடந்து வருபவர்களும்தான். அவர்களுக்கு அரிசியும் மருத்துவ உதவியும் கொண்டுவரும் பறத்தலும், நம்மைப் போன்றவர்கள் வேடிக்கை பார்க்கும் பறத்தலும் ஒன்றல்ல. பித்தோன் தெ நேஜின் உயரச் சரிவுகளில் கூடுகட்டும் பாரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் முதன்முறை கடலுக்குப் பறக்கும் பருவத்தில் ஊர் விளக்குகளால் திசை தவறித் தரையில் விழுகின்றன. அந்த இரவுகளில் தெருவிளக்குகளை அணைக்க ஊராட்சிகள் முன்வருகின்றன. விளக்கை அணைக்க முடிந்த ஊரால் பறக்கும் வழிகளையும் உயரத்தையும் கட்டுப்படுத்த முடியும், செய்யவும் வேண்டும் என்பது என் கருத்து.

ஒருமுறை மேலிருந்து பார்த்தவர்கள் மறுநாள் சலாசி பக்கத்திலிருந்து கோல் தெ பெஃப் கணவாய்வரை வண்டியில் போகலாம். அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்து இறங்கினால் மஃபாத்தின் லா நூவெல் குடியிருப்பு. முந்தைய நாள் வானத்திலிருந்து கோடாகத் தெரிந்த டைக், போகும் வழியில் பாதையை மறித்துக்கொண்டு ஆளுயரச் சுவராக நிற்கும். அதன் ஓரத்தில் பாறை கண்ணாடிபோல் நுண்மையாகவும், நடுவில் சற்றுச் சொரசொரப்பாகவும் இருப்பதை விரலால் தடவிப் பார்க்கலாம். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென்று உறைந்தது. நடுப்பகுதிக்கு மட்டும் படிகம் வளர நேரம் கிடைத்தது.